ஆர்டர் உள்ள அளவுக்கு மட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். வீட்டிலிருந்து உன்னிடம் பேசுவது எப்போதும் உன் அப்பாதான், நான் பக்கத்தில் நின்று சாப்பிட்டாளா என்று கேளுங்கள் என்பதோடு சரி. இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்தையும் அப்பா வழியாகவே தெரிந்துகொள்கிறேன். பன்னிரண்டு வருஷமாக உனக்குச் சித்தியாக இருந்தும் உன்னோடு நேராகப் பேச எனக்கு இன்னும் கூச்சம். எங்கள் வீட்டில் முதல் டிகிரி வாங்கியவள் நான், ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க அந்த டிகிரி உதவியதில்லை. தாளில்தான் கொஞ்சம் தைரியம் வருகிறது. போன மாதம் நீ அப்பாவிடம் "சித்தி கம்பெனிய வெச்சு சூதாடறாங்களாமே" என்று கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. கோபம் இல்லை. நடந்ததை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு பம்ப் கம்பெனிக்கு ஒரே விலையில் ஆறு மாதம் மோட்டாரில் சுற்றும் காப்பர் கம்பி தருவதாக ஒப்புக்கொண்டோம், நடுவில் காப்பர் ஏறிவிட்டது, நாலு மாதம் கையைக் கடிக்கிற விலைக்கே கம்பி இழுத்துக் கொடுத்தோம். இந்த வருஷமும் அதே மாதிரி முப்பது டன் ஆர்டர் வந்தது. மாதம் ஐந்து டன் காப்பர் வாங்கியாக வேண்டும், ஆறாவது மாதம் என்ன விலை விற்கும் என்று யாருக்குத் தெரியும். அதனால் ஆர்டரில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே புரோக்கரிடம் சொல்லி முப்பது டன்னுக்கும் பியூச்சர்ஸ், அதாவது வரப்போகும் மாதங்களுக்கான காப்பரை அன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம், வாங்க வைத்தேன். ஒரு லாட் இரண்டரை டன், மொத்தம் பன்னிரண்டு லாட். ஒவ்வொரு மாதமும் நிஜக் காப்பர் வாங்கும் அன்று இரண்டு லாட்டை விற்றுவிட வேண்டும். காப்பர் ஏறினால் வாங்குவதில் கூடப் போகிற பணத்தை லாட் தந்துவிடும், இறங்கினால் லாட்டில் போவது மலிவாக வாங்குவதில் திரும்பிவிடும். எப்படிப் போனாலும் நாம் விலை சொன்ன அன்று போட்ட கணக்கு கலையாது.

வாங்கிய கையோடு காப்பர் இறங்கத் தொடங்கியது. மார்ஜின் கட்டுங்கள், இறங்கிய அளவுக்குப் பணம் போடுங்கள் என்று புரோக்கர் தினமும் போன். பன்னிரண்டு லாட்டுக்கும் நஷ்டம் அன்றன்றைக்கே கதவைத் தட்டுகிறது, மலிவாக வாங்கும் மிச்சம் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, அதுதான் இதில் கஷ்டம். அதற்கென்று பேங்கில் முன்பே கடன் கேட்டு வைத்திருந்தேன். உன் அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. "உன் படிப்பு நம்மளத் தெருவுல நிறுத்தப் போகுது" என்றார். நான் ஆபீஸ் போர்டில் இரண்டு பத்தி போட்டேன். அந்த மாதம் விற்ற லாட்டில் போனது இடது பக்கம், காப்பரை மலிவாக வாங்கியதில் நின்றது வலது பக்கம். வித்தியாசம் ஒரு நாள் டீச் செலவுகூட இல்லை. அப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ இதுல லாபமே கிடையாதா" என்றார். லாபம் நம்ம கம்பியிலங்க, இது காப்பர் அதைத் தொடாம பார்த்துக்கறதுக்கு என்றேன். அவ்வளவு நீளமாக அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது மாதம் காப்பர் திரும்பி ஏறியது. அங்கேதான் வினை. என்னிடம் சொல்லாமல் அப்பா இன்னும் பத்து லாட் வாங்கிவிட்டார். புரோக்கரின் மெசேஜைப் பார்த்துவிட்டு, இதுக்கு எந்த ஆர்டருங்க என்று கேட்டேன். "ஆர்டர் எதுக்கு, ஏறுது, வாங்கினேன், சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கவா நீ இவ்வளவு படிச்ச" என்றார். கம்பிக்கு வார்னிஷ் ஏற்றும் அடுப்புப் பக்கம் நின்றிருந்த மேஸ்திரி சும்மா இருக்காமல், "இருபத்தஞ்சு டன் கம்பிய யார் தலையில மொதலாளி சுத்தறது" என்றார். அப்பாவே சிரித்துவிட்டார். நாலே நாளில் அந்தப் பத்தையும் நல்ல லாபத்துக்கு விற்றார், அன்றைக்கு ஆபீஸ் முழுக்க இனிப்பு. நான் மட்டும் சாப்பிடவில்லை. நஷ்டம் வந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், பாப்பா. அந்த நாலு நாள் நடந்ததுதான் நீ சொன்ன சூதாட்டம், அதில் ஜெயித்தவர் அடுத்த தடவை இருபது வாங்குவார்.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று, காற்றில் அடித்துக்கொள்வதில்லை. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, படி ஏறும்போது மட்டும் என் பேரைச் சொல்லித் திட்டுகிறார். நீ ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, பல் டாக்டரைத் தள்ளிப் போடாதே. நினைத்த வேலையெல்லாம் கைகூடி, நல்ல உடம்போடும் நல்ல துணையோடும் நீ நிறைவாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கையில் உள்ள ஆர்டருக்கு மேல் ஒரு லாட்கூட வாங்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த விதி எனக்கும் சேர்த்துத்தான். பங்குதாரர் மூன்று பேரும் எழுதிக் கொடுத்தால் மீறமாட்டேன் என்று புரோக்கர் சொல்லிவிட்டார். உன் அம்மாவின் பங்கு உன் பேரில் இருப்பதால் மூன்றாவது ஆள் நீ. "பாப்பா போட்டா நானும் போடறேன்" என்கிறார் அப்பா, நீ எனக்காகப் போடமாட்டாய் என்ற தைரியம் அவருக்கு. எனக்காகப் போட வேண்டாம். ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துப் போடு. புரியாவிட்டால் அப்பாவிடம் கேட்காமல் என் நம்பருக்குக் கூப்பிடு. புரிந்தாலும் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் சித்தி