ரெண்டு இஞ்ச் அதிகம்

அக்கா,

முதல்ல லெட்டரைப் படி, அப்புறம் பார்சலைப் பிரி. இதை வாட்ஸ்அப்ல சொன்னா பத்தாது.

நேத்து எங்க காலேஜ் நாடகம். நான்தான் ராணி. மந்திரியா நடிச்ச சுகாசினிக்குத் தாடி பாதியில கழண்டுடுச்சு. கையில பிடிச்சிக்கினே தீர்ப்பு படிச்சா. அதுக்கே ஒரே விசில்.

ராணின்னா பட்டு வேணுமே. கிளாஸ்ல பாதி பிள்ளையார்பாளையம், வீட்டுக்கு வீடு தறி. ஆனா கட்டிக்க ஒருத்தர்கிட்டயும் பட்டு இல்ல. கடைசியில அம்மா பீரோவைத் திறந்து, உன் கல்யாணத்துக்குன்னு வச்சிருந்து, நீ மாமாவோட போனப்ப கட்டாம விட்டுட்டுப் போன அரக்குப் புடவையை எடுத்துக் குடுத்தாங்க. அப்பாகிட்ட சொல்லல.

மூணாவது சீன்ல அது கால்ல தடுக்கி, சிம்மாசனத்துக்கு முன்னாடி குப்புற விழுந்தேன். எழுந்து, "பூமாதேவிக்கு என் வணக்கம்"னு சமாளிச்சேன் பாரு, ஹாலே கை தட்டுச்சு. அப்பா மட்டும் தட்டல. புடவைக் கரையையே பாத்துக்கினு உக்காந்திருந்தாரு.

வீட்டுக்கு வந்ததும் திட்டுவாருன்னு நின்னேன். அவர் புடவையை வாங்கி மடிச்சிக்கினே, "உனக்குத் தடுக்கத்தான் செய்யும். அவ உயரம்னு அகலத்துல ரெண்டு இஞ்ச் கூட விட்டு நெய்தேன்" அப்படின்னாரு.

ரெண்டு வருஷத்துல உன்னைப் பத்தி அவர் வாயைத் திறந்தது இப்பதான். அம்மா அடுப்பை அணைச்சிட்டு வந்து நின்னாங்க.

இன்னிக்குக் காலையில அவரே அம்மாகிட்ட உன் அட்ரஸ் கேட்டாரு. புடவையைக் கட்டிக்கினு மாமாவோட வா. பார்சல் மேல இருக்கற கையெழுத்தை இன்னொரு தடவை பாரு. அது என்னோடது இல்ல.

விழுந்து எழுந்த ராணி,
உன் தங்கச்சி