பொரியாத முட்டையும் நான் போட்ட பழியும்

1973 பிப். 6, செவ்வாய்
வாடைக்காற்று. ஆராய்ச்சி நிலையத் தொட்டியில் உப்பு, சூடு இரண்டும் சரி. கோமாளி மீன் தொட்டிக்குள் கிடக்கும் ஓட்டுத் துண்டில் இட்ட முட்டைக்கு இன்று ஒன்பதாம் நாள். உள்ளே வெள்ளிக் கண்கள் தெரிகின்றன. நேற்றே பொரிந்திருக்க வேண்டும். ஆண் மீன் விடாமல் விசிறுகிறது. அதற்குக் கண் தெரியட்டும் என்று இரவெல்லாம் டியூப்லைட் போட்டு வைக்கிறேன்.
சோப்பு வாங்க வேண்டும்.

பிப். 8, வியாழன்
எல்லா முட்டையும் வெளுத்துப் பூஞ்சை. ஏன் என்று ஆபீசர் எல்லோர் முன்னாலும் கேட்டார். என் வாய் முந்திக்கொண்டது.
"தண்ணி சரியில்ல சார். அந்தோணி துறைமுகத்துப் பக்கமே மொண்டுட்டு வாராரு. எண்ணெய் கலந்திருக்கும்."
பார்த்தேனா? இல்லை.
அந்தோணி அண்ணாச்சி புன்னைக்காயல்காரர். முத்துக் குளித்து ஒரு காது போனவர். இப்போது தொட்டிக்குக் கடல்தண்ணீர் சுமக்கிறார். "இல்ல சார், படகுல தள்ளிப் போயித்தான் மொள்ளுதேன்" என்றார். எடுபடவில்லை. நாளை முதல் அவருக்கு வெயிலில் முத்துச்சிப்பிக் கூண்டுகளில் ஒட்டிய பாசியைச் சுரண்டும் வேலை.


பிப். 21, புதன்
அதே ஜோடி, அடுத்த முட்டை. தண்ணீர் கொண்டுவருவது புது ஆள். ஆனாலும் அதே கதை: ஒன்பதாம் நாள், வெள்ளிக் கண், பொரியவில்லை.
இரவு ஏழு மணிக்குக் கரண்ட் போனது. காற்று பம்பும் நின்றுவிட்டது. குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினேன், ஒரு மணி நேரம். டார்ச் அடித்தால் ஓடு காலி! தண்ணீரில் மயிரிழை போலக் குஞ்சுகள், எண்ண முடியாமல்.
வேண்டியிருந்தது இருட்டு. கெடுத்தது என் டியூப்லைட்.
சந்தோஷப்பட முடியவில்லை.

பிப். 22, வியாழன்
ஆபீசரிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. ரிப்போர்ட்ல லைட்டுன்னு எழுதும். மத்தத விடும்."
விட முடியவில்லை. அண்ணாச்சியைத் தேடிப் போனேன். கையெல்லாம் சிப்பி கீறிய காயம். தப்பு என்னுடையது என்றேன். சுரண்டிக்கொண்டே சொன்னார்:
"பழிய எல்லாரு முன்னாலயும் சொன்னிய சார். இத மட்டும் தனியா வந்து சொல்லுதிய."

பிப். 23, வெள்ளி
டீ நேரம். எல்லோரும் இருந்தார்கள். எழுந்தேன்.
"தண்ணியில குத்தமில்ல. லைட்ட எரியவிட்டது நான். பாக்காமலே அண்ணாச்சி மேல போட்டுட்டேன்."
யாரோ இருமினார்கள். ஆபீசர் முகம் சுளித்தார். பிறகு, "அந்தோணி, பழைய வேலைக்கே வாரும்" என்றார்.
"வேண்டாம் சார். வெளியவே இருக்கேன். அங்கன யாரும் என் மேல ஒண்ணும் போட மாட்டாவ."
டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.
குஞ்சு பதினேழு செத்தது. மற்றவை நீந்துகின்றன. புது ஆள் லீவு. தண்ணீர் நான் சுமந்தேன். ஆறு குடம். தோள் எரிகிறது. ஆறு தடவையும் கூண்டுகளைத் தாண்டித்தான் வழி. அண்ணாச்சி பார்த்தாரா, தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.