தாடைக்குக் கீழே கை

ஜூலை 7, திங்கள்
விடிந்ததிலிருந்து சாரல். தேயிலைக் கொழுந்துக் கூடை நனைந்து ரெட்டைக் கனம். முழங்கால் இனி மேடு ஏற மாட்டேன் என்கிறது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். எட்டாவது போதுமாம், படித்திருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை டாக்டர் முன்னால் பத்து மருந்துப் பெயரை இங்கிலீஷில் வாசிக்கணும். முடியாவிட்டால் மறுபடி மேடுதான். பயம்.

8, செவ்வாய்
கடலை மடித்து வந்த காகிதம், ஏதோ இங்கிலீஷ் பாடப்புத்தகப் பக்கம். தாடைக்குக் கீழே கை வைத்த சிறுமி படம். சொல்லும்போது தாடை எத்தனை முறை கையில் படுகிறதோ, சொல்லில் அத்தனை துண்டு. ஐ-டி-யா: இங்கிலீஷில் எழுத்து நாலு, துண்டு மூன்று. மருந்துப் பாட்டிலில் போட்டிருக்கும் ஸ்ட்ரெங்த்: எழுத்து எட்டு, துண்டு ஒன்றே ஒன்று! என்ன நியாயம் இது?

9, புதன்
கம்பவுண்டரிடம் பழைய லேபிள்கள் வாங்கி வந்தேன்.
பெ-னி-சி-லின். 4.
பா-ர-சி-டா-மால். 5.
குளோ-ராம்-ஃபெ-னி-கால். 5. பார்த்ததுமே லேபிளைக் கவிழ்த்து வைத்த பெயர். துண்டு போட்டதும் சாதுவாகிவிட்டது.
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

10, வியாழன்
எடை போடும் வரிசையிலும் தாடையில் கை. பக்கத்து வீட்டு மயிலாத்தாக்கா பார்த்துவிட்டார். "ஏனம்மிணி, பல்லு வலியா?" வெட்கத்தில் ஆமாம் என்றுவிட்டேன். சாயங்காலம் கிராம்புத் தைலத்தோடு நிற்கிறார். "எங்கூட்டுல இருந்துச்சு. பஞ்சுல தொட்டு வெய்யி." அவர் எதிரிலேயே வைக்கும்படி ஆனது. பாட்டிலையும் என்னிடமே விட்டுப் போனார். நாக்கு மரத்து, இன்று படிப்பு பாழ். பொய்க்குத் தேவைதான்.

12, சனி
எட்டுப் பெயர் சரி. ஒன்பதாவது அந்தக் குளோராம். முதல் துண்டோடு நின்றுவிட்டேன், கை தானாகத் தாடைக்குப் போய்விட்டது. "பல் வலியாம்மா?" டாக்டர். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் தாடைக்குக் கீழே கை வைத்து மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அட, அஞ்சு!" கம்பவுண்டரும் வைத்துப் பார்த்தார். அப்புறம் என் முறை. ஐந்தும் வந்தது, பத்தாவது பெயரும் வந்தது.
வேலை எனக்குத்தான். வெளியே வந்து அழுதேன்.

14, திங்கள்
வெயில். முதல் நாள். அலமாரி துடைத்தேன், லேபிள்களை முன்பக்கம் திருப்பி வைத்தேன். எட்டரைக்கு முதல் ஆள் மயிலாத்தாக்கா, தாடையில் கையோடு. என் தாடைக் கதை அவர் காதுக்கும் போய், அவரும் துண்டு எண்ணுகிறார் போல! எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.
"எந்த வார்த்தைங்கக்கா?"
"வார்த்தையாவது ஒண்ணாவது! கடவாப்பல்லு உசுரு போகுது. எங்கூட்டுத் தைலத்தைத் திருப்பிக் குடு அம்மிணி!"