கதவுக்கு வெளியே ஒரு வாளி

1912, ஆடி மாதம், செவ்வாய் இரவு.

தூக்கம் வரவில்லை. காலையில் பாடம் நடக்கும்போது, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து அடுப்பிலிருந்து காற்றில் பறந்து வந்த நெருப்புப் பொறி பள்ளிக்கூடத்தின் புல் கூரையில் விழுந்து புகைந்தது. பிள்ளைகளை வெளியேற்ற ஓடினேன். கதவு வெளியே பூட்டியிருந்தது. கொழுந்து பறிக்கும் தாயைத் தேடிப் பிள்ளைகள் ஓடிவிடாமலிருக்கக் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி தினமும் செய்கிற வேலை. பூட்ட வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். பெஞ்சின்மேல் ஏறி, குடிதண்ணீரை வீசித்தான் அணைத்தேன்.

மத்தியானம் கங்காணியைப் பிடித்துக் கத்தினேன்.

"தேயிலை ஸ்டோரைச் சுத்தி எத்தனை தண்ணி வாளி தொங்குது! இங்க புள்ளைங்க இருக்கு, ஒரு வாளி இல்ல. அந்தப் பூட்டையாவது எடுத்துருங்க."

"பூட்டலேன்னா ஒண்ணுகூட உள்ள தங்காதுங்க வாத்தியாரே. வாளிக்குத் தொரைகிட்ட சொல்றேன்."

சாயங்காலமே வாளி வந்துவிட்டது. கொஞ்சம் மனம் இளகிப் போய்ப் பார்த்தேன். புது வாளி, நிறையத் தண்ணீர். கதவுக்கு வெளிப்பக்கம், பூட்டுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள்.

நாளைக் காலையும் நாங்கள் உள்ளே இருப்போம். சாவி கங்காணியின் மடியில் இருக்கும்.