ஒரே பானையில் வைத்த சோறு

ராஜபாளையம்
12.8.1988

பரிபூரணத்துக்கு,

சுந்தரபாண்டியத்தில் உன் அம்மா வீட்டில் எல்லோரும் சுகமா? இன்று மில்லிலிருந்து வந்து நானே சமைத்தேன். அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்கீரை எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு வேகவைத்தேன். அடிப்பிடித்துவிட்டது.

நம் மகள் ஒரு வாய் தின்றுவிட்டு, "அம்மா இதே சோறு வச்சதுக்குத்தான தட்டத் தூக்கி எறிஞ்சீக?" என்று கேட்டாள்.

நீ போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றுப் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். "அம்மா வந்தாத்தான் திம்பேன்" என்கிறாள்.

உன் நெற்றித் தையலைப் பிரித்துவிட்டார்களா?

என்னை மன்னிக்க வேண்டாம். நீ வருகிற அன்றே நான் தளவாய்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறேன். பிள்ளைக்கு மட்டும் வந்து ஊட்டிவிடு.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா