முதல் ஓலைக்கு முன்

தூத்துக்குடி
4 ஜனவரி 2025

அன்பு மகள் டெல்பினுக்கு,

போனில் நாம் 'சாப்பிட்டியா'வைத் தாண்டுவதில்லை. அதனால் காகிதம்.

பிப்ரவரி முதல் ஞாயிறு கோயிலில் உன் கல்யாண ஓலை தொடங்குகிறது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். சாமியார் தகப்பன் பெயர் கேட்கிறார். உன் அப்பா மனுவேல் பெயரையே கொடுக்கிறேன். அவரும் நானும் ஒரே தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்தோம். கடல் அவரை எடுத்துக்கொண்டது. நான் தோணியை விட்டுத் துறைமுகக் கிரேனில் ஏறினேன், உன் அம்மாவைக் கட்டினேன். பெயரும் எனக்கு வேண்டும் என்பது முறையில்லை. அம்மாதான், "அவட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்கிறாள்.

நீ ஆராய்ச்சிக்காக நுண்ணோக்கியில் எடுத்து அனுப்பிய கல் படத்தைக் கிரேன் கேபினில் ஒட்டியிருக்கிறேன். கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. சிப்பிக்குள் முத்து மாதிரிதானே? கூட வேலை பார்க்கும் நல்லக்கண்ணு பார்த்துவிட்டு, "ஏலே, ஒம் பிள்ள நெலாவுக்கா போயிருக்கு?" என்றான்.

தேவபிரசாதம்


ஹைதராபாத்
10 ஜனவரி

சித்தப்பா,

நிலா இல்லை, அந்தமான். கடலடியில் பிறந்து நிலத்தின் மேல் ஏறிய பாறை. கறுப்பு, குரோமைட் என்கிற கனிமம். வெள்ளை, பிளாட்டினம் குடும்பத்துக் கனிமம். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

முத்து மாதிரி இல்லை. அங்கே சிப்பி முதலில். இங்கே புள்ளிதான் முதலில். பாறைக் குழம்பில் தனியாகக் கிடந்தது. குரோமைட் பிறகு வந்து அதைச் சுற்றி வளர்ந்தது.

பெயரை இப்போது கொடுக்க வேண்டாம். யோசிக்கிறேன்.

டெல்பின்


தூத்துக்குடி
16 ஜனவரி

அன்பு மகளுக்கு,

அப்படியென்றால் மதிப்பு புள்ளிக்குத்தான். அதை எடுத்த பிறகு சுற்றியிருக்கும் கறுப்பை என்ன செய்வீர்கள்? கொட்டிவிடுவீர்களா?

சும்மா கேட்டேன்.

சாமியார் மாதக் கடைசிக்குள் பெயர் வேண்டும் என்கிறார். மனுவேல் என்றே கொடுத்துவிடுகிறேன். நீ சங்கடப்படாதே. அம்மா சொல்லச் சொன்னது: "ஏளா, கல்யாணத்தன்னைக்காவது கல்ல கீழ வச்சிட்டு வந்துரு."

தேவபிரசாதம்


ஹைதராபாத்
22 ஜனவரி

சித்தப்பா,

கொட்டுவதில்லை.

கல்லை இடித்துச் சலித்தால் நிறையப் புள்ளிகள் கிடைக்கும். எது எங்கே இருந்தது என்பது போய்விடும். நான் இடிக்கவில்லை. கல்லோடு அறுத்து, கல்லோடு மெருகேற்றி, கல்லோடுதான் வைத்திருக்கிறேன்.

வெளியே கிடந்த புள்ளிகளை நீர் புகுந்து வேறாக்கிவிட்டது. குரோமைட்டுக்கு உள்ளே இருந்தது மட்டும் பிறந்தபடி இருக்கிறது.

அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்ற நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கி என் கையில் கொடுப்பீர்கள். நானும் அம்மாவும் உள்ளே போவோம். நீங்கள் கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள், செருப்புகளைப் பார்த்துக்கொள்வதுபோல. எனக்கு அப்பா அப்படியே இருக்கிறார். அது தானாக நடக்கவில்லை.

நேற்று சாமியாரிடம் போனில் பேசினேன். மனுவேலின் மகள், தேவபிரசாதத்தின் வளர்ப்பு மகள். இரண்டையும் வாசிக்க வேண்டும் என்றேன். "அப்படி வழக்கம் இல்லியேம்மா" என்றார். "வழக்கம் பாத்தா அவரு என்னய வளத்தாரு, சாமி?" என்றேன். சாமியார் உங்கள் பெயருக்கு எழுத்துக்கூட்டச் சொன்னார்.

முதல் ஓலைக்கு வந்துவிடுவேன். என் பக்கத்தில் இருங்கள். வெளியே நிற்கக் கூடாது.

டெல்பின்