அதே வாய்தான்

என்னங்க,

எழுந்ததும் சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கோங்க. வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்துடுங்க.

மாடி வீட்டு வெல்டருக்குப் பத்து மணிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு ஜெபம் பண்ணப் போறேன். "ஈரத் துண்டுக்காக என்னைக் கிழிச்ச வாயாலயா ஜெபம்?"னு ராத்திரி கேட்டீங்களே. ஆமா, அதே வாய்தான். ஆண்டவருக்குக் கொடுக்க என்கிட்ட வேற வாய் இல்லை. "பெரிய பெரிய ஜெபம் கேட்டா பயமா இருக்கு, சத்தம் போடுற அக்கா வந்தா போதும்"னு வெல்டரே சொல்லி அனுப்பினார்.

வாசல்வரை போயிட்டுத் திரும்பி வந்தேன். உங்ககூட ஒப்புரவாகாம அங்க போய் எப்படிக் கண்ணை மூடுவேன்? நீங்க குறட்டை விடுறீங்க. அதனால எழுதுறேன்: கத்தினது தப்பு, மன்னிச்சிடுங்க.

பி.கு.: துண்டைக் கொடியில போட்டாச்சு. நாளைக்கும் கட்டில்ல கிடந்தா, இதே வாய்தான்.